ஒரு ஜோடி ஷூவும் நாலு காலும்

அந்த வீட்டில் செருப்புக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது. வாசலில் நாலைந்து ஜோடி கிடக்கும். வெளியே கிளம்புகிறவர் காலுக்கு எது மாட்டுகிறதோ அதுதான் அன்றைக்கு அவருடையது. கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள் தன் செருப்பைக் காணோமென்று கட்டிலுக்கடியில் எல்லாம் தேடியிருக்கிறாள். அதைப் போட்டுக்கொண்டு மாமியார் மருந்துக்கடைக்குப் போயிருப்பார். வேறு வழியில்லாமல் புருஷனின் பெரிய செருப்பில் சலக் சலக்கென்று பஸ்ஸுக்கு ஓடிய நாளும் உண்டு. கேட்டால், "செருப்புதானேம்மா, என்னமோ நகையைத் தொலைச்ச மாதிரி அலையறே" என்பார் மாமியார். பல் துலக்கும் பிரஷைத் தவிர இங்கே எல்லாமே பொதுச்சொத்து என்று புரிந்ததும் அவளும் தேடுவதை விட்டுவிட்டாள்.

இதற்கு ரெண்டே ரெண்டு விலக்கு உண்டு. ஒன்று, மாமியார் வீட்டுக்குள் போட்டு நடக்கும் ரப்பர் செருப்பு. முட்டி வலிக்கு வெறுந்தரையில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் வந்தது. அதை யாரும் தொட மாட்டார்கள். மரியாதையால் அல்ல, அது மாமியாரின் காலை விட்டு இறங்குவதே இல்லை என்பதால்.

ரெண்டாவது விலக்கு, மருமகள் வாங்கி வந்த ஓட்டப் பயிற்சி ஷூ. பெட்டியைப் பிரித்த அன்றே அவள் கூடத்தின் நடுவில் நின்று சொல்லிவிட்டாள்.

"இதை மட்டும் யாரும் தொடக்கூடாது. இது என் வேலை சம்பந்தப்பட்டது."

"அப்படியே ஆகட்டும்" என்றான் புருஷன். மாமியார் ஷூவை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வயசுல ஓட்டமா? பஸ்ஸுக்கு ஓடுறது பத்தாதாக்கும்" என்றார்.

பத்தவில்லைதான். தீயணைப்பு நிலையத்தில் போன் எடுக்கிற வேலை அவளுக்கு. அங்கே எல்லோருக்கும் அவள் போன் அக்கா. அவளைவிட மூத்த டிரைவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். மணி அடித்தால் எடுக்க வேண்டும், அழுகிறவரிடம் விலாசத்தை வாங்க வேண்டும், பட்டனை அழுத்த வேண்டும், "வண்டி கிளம்பிடுச்சு, பயப்படாதீங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் பங்கு. வண்டி போய்விடும். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். திரும்பி வந்தவர்களைக் கேட்டால், "முடிஞ்சுது அக்கா" என்று ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். என்னடா முடிந்தது, நெருப்பா ஆளா என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

ஒரு தடவை ஒரு பெண் புகைக்குள்ளிருந்து பேசினாள். "லைன்லயே இருங்க, லைன்லயே இருங்க" என்று இவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். திடீரென்று அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. போனை வைக்கவும் முடியாமல் பிடித்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அதுவும் யாரோ யாரிடமோ சொன்னது காதில் விழுந்ததால். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். இனி விலாசம் வாங்குகிறவளாக இருக்க முடியாது, வண்டியில் ஏறுகிறவளாக இருக்க வேண்டும்.

அதற்கு வழி இருந்தது. நிலையத்தில் உள்வேலை பார்ப்பவர்களும் உடல்தகுதித் தேர்வில் தேறினால் வண்டிப் பிரிவுக்குப் போகலாம். ஆனால் ஒரே ஒரு தடவைதான் அந்தத் தேர்வில் கலந்துகொள்ள விடுவார்கள். வயது வரம்பும் உண்டு. அடுத்த வருஷம் அவள் அந்த வரம்பைத் தாண்டிவிடுவாள். ஏணி ஏறுவதை டிரைவர் அண்ணன் சொல்லிக்கொடுத்தார். தண்ணீர்க் குழாய்ச் சுருளைத் தோளில் தூக்கிப் பழகினாள். பாக்கி இருந்தது ஓட்டம். மைதானத்தை ஆறு சுற்று, அதிகாரி விசில் ஊதுவதற்குள் சுற்றி வர வேண்டும்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. காலையில் மைதானத்துக்குப் போய் ஓடிவிட்டு வந்து, ஷூவை வாசல் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். முதலில் ரெண்டு சுற்று, பிறகு மூன்று, பிறகு நாலு. உடம்பு தன் சொல் கேட்கிறது என்ற சந்தோஷத்தில் வீட்டில் பாட்டு வேறு முணுமுணுத்தாள்.

பிறகு வலி வந்தது. கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பின் உள்பக்கமாக. ஓட ஆரம்பிக்கும்போது இருக்கும், ஓட ஓட மறைந்துவிடும், நின்றதும் திரும்பி வரும். "ஒண்ணுமில்லை, ஓட ஓட சரியாயிடும்" என்று எல்லோரிடமும் சொன்னாள். அது சரியாகிற வலி இல்லை. கொஞ்ச நாளில் மறைவதையே நிறுத்திக்கொண்டது. மாடிப்படி இறங்கும்போதுகூடக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்கள் இருப்பது மூன்றாவது மாடி. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் உச்சி மாடிக்கு ஏற்றிவிடுகிறவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். இதைச் சொல்லிச் சிரிக்காத நண்பர்கள் அவனுக்குக் கிடையாது.

வீட்டில் வேறொரு வேடிக்கையும் நடந்துகொண்டிருந்தது. மாமியாருக்குத் துணி துவைக்கும் கிறுக்குப் பிடித்திருந்தது. மடித்து வைத்த சட்டை மத்தியானம் மறுபடி ஈரமாகி மொட்டை மாடிக் கொடியில் தொங்கும். மூன்று மாடி இறங்க முட்டி விடாது என்று கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டவர், ஒரு மாடி ஏறித் துணி காயப்போட மட்டும் அலுத்துக்கொள்ளாமல் போய்வந்தார். புருஷனின் நீலச் சட்டை வெளுத்து என்ன நிறம் என்றே சொல்ல முடியாமல் ஆகிவிட்டது. "அம்மாவுக்கு வயசாகுது" என்றான் அவன். அவளுக்கு இருந்த கால்வலியில் அதையெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் அம்மா முன்னெலும்பை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அவளுக்கு உயிர் போய் வந்தது.

"எலும்பு உடையலை. ஆனா இப்படியே ஓடினா அதுவும் நடக்கும்" என்றார். "ஷூவைக் கொண்டு வந்தீங்களா?"

கொண்டு போயிருந்தாள். அந்த அம்மா ஷூவை மேஜைமேல் வைத்தார். அது ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கையில் எடுத்து அமுக்கினார், வளைத்தார், திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"மேல பார்த்தா நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கிற மெத்தை செத்துப்போச்சு. நீங்க இப்ப ஓடுறது வெறுந்தரையில ஓடுற மாதிரிதான். வாங்கி எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு மாசம்தான்."

"ஒரு ஷூ ஐநூறு அறுநூறு கிலோமீட்டர் தாங்கும். ரெண்டு மாசத்துல நீங்க அவ்வளவு ஓடியிருக்க முடியாது. நிஜத்தைச் சொல்லுங்க."

"நிஜமாத்தான் சொல்றேன்."

அந்த அம்மா நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "உள்விளிம்பும் தேஞ்சிருக்கு, குதிகால் பின்னாடி வெளிப்பக்கமும் தேஞ்சிருக்கு. நீங்க என்ன ரெண்டு விதமாவா ஓடுறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் எதிர்பார்க்காமல் எழுத ஆரம்பித்தார். ஒரு வாரம் ஓடவே கூடாது. ஐஸ் வைக்க வேண்டும். படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்க வேண்டும். வேறு ஷூ வாங்க வேண்டும், அதையும் தேர்வுக்கு முதல்நாள் வாங்காமல் இப்போதே வாங்கிக் காலுக்குப் பழக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூரத்தைக் கூட்ட வேண்டும்.

தேர்வுக்கு ஒரு மாதமே இருந்தது. அதில் ஒரு வாரம் போனதைவிட, பொய் சொல்கிறவளைப் பார்ப்பதுபோல் அந்த அம்மா பார்த்ததுதான் அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. வழியெல்லாம் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் நின்று ஷூவைத் திருப்பி மறுபடி பார்த்தாள். உள்விளிம்பு அவளுடையது. அவள் பழைய செருப்பெல்லாம் அப்படித்தான் தேயும். பின்னே இந்தக் குதிகால் யாருடையது?

மாமியார் கட்டிலில் படுத்திருந்தார். ரப்பர் செருப்பு கீழே கிடந்தது. அவள் குனிந்து அதை எடுத்துத் திருப்பினாள். குதிகாலின் பின்புற ஓரம், வெளிப்பக்கம், தரை தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஷூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தேய்ந்த இடம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தது.

செருப்பை இருந்த இடத்திலேயே வைத்தாள். ஷூவையும் வழக்கம்போல மேல்தட்டில் வைத்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகிறவள்போலக் கிளம்பித் தெருமுனை வரைக்கும் போய், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அலமாரியில் ஷூ இல்லை. மொட்டை மாடிக்கு ஏறினாள்.

கொடியில் ஒரே ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, கைப்பிடிச் சுவரை ஒட்டி மாமியார் நடந்துகொண்டிருந்தார். நைட்டியை ஒரு கையால் சற்றே தூக்கிப் பிடித்திருந்தார். காலில் அவளுடைய ஷூ. முகத்தில் சிரிப்பில்லை, களைப்பில்லை, கணக்குப் போடுகிற பிள்ளையின் முனைப்பு மட்டும் இருந்தது. சொரசொரப்பான சிமெண்டுத் தரை. எந்த ஷூவும் ரெண்டு மாதத்தில் உயிரை விட்டுவிடும்.

"அத்தை."

மாமியார் திரும்பிப் பார்த்தார், திடுக்கிட்டார், ஆனால் நிற்கவில்லை.

"இரு. இன்னும் ரெண்டு சுத்து இருக்கு."

அவளுக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் வந்து தொலைத்தது. ரெண்டையும் அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். மாமியார் தன் ரெண்டு சுற்றையும் விட்டுக்கொடுக்காமல் முடித்துவிட்டு, தொட்டி மேடையில் வந்து உட்கார்ந்தார்.

"தொடக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"சொன்னே."

"எனக்கு இது ஒரே தடவைன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? நீங்க நடந்தது என் கால்ல வலிக்குது அத்தை."

மாமியார் குனிந்து முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார். "முதல் நாள் சும்மாதான் மாட்டிப் பார்த்தேன். ரெண்டு வருஷமா இந்த முட்டி என்னைத் தூங்க விட்டதில்லை. அன்னிக்கு இங்க நாலு சுத்து நடந்தேன், வலியே தெரியலை. எடை குறைஞ்சா பார்க்கலாம், இல்லைன்னா ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டான். உன் மாமனாரும் ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனார். சின்ன ஆபரேஷன்னுதான் அவர்கிட்டயும் சொன்னாங்க. படுத்துதான் வந்தார்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"ஓட்டமா ஓட்டமான்னு உன்னைக் கிண்டல் பண்ணினவ நான். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

கேட்டதும் மனசு இளகத்தான் செய்தது. ஆனால் கோபம் முந்திக்கொண்டது. காலில் வலி, மாதத்தில் ஒரு வாரம் அவுட், ஆஸ்பத்திரியில் பொய்க்காரி என்ற பட்டம். "இனிமே இதை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு வேண்டாம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

மாமியார் அதை வெடுக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. பின்னாலிருந்து, "நிஜமாவா? எனக்கேவா?" என்று கேட்டது. அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்கு என்னவோ போலிருந்தது. திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

புது ஷூ வாங்கினாள். அதை வாசல் அலமாரியில் வைக்கவில்லை, பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சொன்னபடி ஒரு வாரம் ஓடவில்லை. ஓடாமல் இருப்பதுதான் அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. நிலையத்தில் போன் மணிக்கும் மணிக்கும் நடுவே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஏற்றி இறக்கினாள். டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்து, "அக்கா, போன் மேலேயா இருக்கு, எட்டி எட்டிப் பார்க்கறே" என்றார். சிரித்துக்கொண்டே ஏற்றி இறக்கினாள். பிறகு ஓட ஆரம்பித்தாள். ஒரு சுற்று. வலி இல்லை. ரெண்டு சுற்று. கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு அடங்கியது. மெல்ல மெல்ல நாலுக்கு வந்தாள்.

வீட்டில் மாமியார் இப்போது ஒளித்து நடக்கவில்லை. துணி துவைக்கும் கிறுக்கு ஒரே நாளில் தெளிந்தது. பழைய ஷூவை மாட்டிக்கொண்டு, மகன் முன்னாலேயே மாடிக்கு ஏறினார். ஆனால் சில நாளில் அவர் நடையில் ஏதோ மாறியது. முதலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். அப்புறம் நின்று நின்று நடந்தார். அவளுக்கு ஏன் என்று தெரியும். பிசியோதெரபிஸ்ட் அம்மா மேஜைமேல் வைத்ததும் சாய்ந்த ஷூ அது. உள்ளே மெத்தை செத்த ஷூ. அவள் கால் எலும்பையே பதம் பார்த்தது, தேய்ந்த முட்டியை விட்டுவைக்குமா? சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பாள். தேர்வு முடியட்டும் என்று தினமும் தள்ளிப்போடுவாள். தப்பு என்று தெரிந்தேதான் தள்ளிப்போட்டாள்.

ஒரு காலை மைதானத்திலிருந்து திரும்பும்போது, மாமியார் மாடியிலிருந்து பக்கவாட்டில், சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்லை. நடக்க நடக்க சரியாயிடும்."

இது அவள் சொன்ன அதே பொய். அதே குரல்கூட.

அன்று சாப்பிடும்போது புருஷன் பேச்சை எடுத்தான். "அம்மா, நீயும் நடந்து பார்த்தாச்சு. வலி கூடத்தான் ஆகுது. அடுத்த வாரம் டாக்டர்கிட்ட ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிடலாம்."

மாமியார் எதிர்த்துப் பேசுவார் என்று அவள் காத்திருந்தாள். எதிர்த்துப் பேசாமல் இருந்ததே இல்லை அந்த மனுஷி. இன்று தட்டைப் பார்த்தபடி, "சரிப்பா. நான்தான் தேவையில்லாம ஆசைப்பட்டுட்டேன்" என்றார்.

அவள் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள்.

"தேதியெல்லாம் வேண்டாம்" என்றாள். "தப்பு அவங்க கால்ல இல்லை, ஷூவுல இருக்கு. அந்த ஷூ செத்துப்போச்சு அத்தை. அதைப் போட்டு நடந்தா வலி வரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

புருஷன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். மாமியார் நிமிர்ந்தார்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"நானும் தெரிஞ்சுதானே எடுத்தேன்" என்றார் மாமியார். "கணக்கு சரியாப் போச்சு. சாப்பிடு."

மறுநாள் சாயங்காலம் ரெண்டு பேரும் ஷூ கடைக்குப் போனார்கள். காலையில் போகலாமே என்று மாமியார் அடம்பிடித்தார். நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கின பிறகு அளவு பார்த்தால்தான் சரியாக இருக்கும் என்று அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று மாடி இறங்க எடுத்துக்கொண்ட நேரத்தில் மாமியார் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாவற்றையும் நலம் விசாரித்து முடித்தார்.

கடைக்காரப் பெண் குனிந்து காலை அளக்கப் போனாள். மாமியார் காலை இழுத்துக்கொண்டார்.

"அளவெல்லாம் எதுக்கும்மா? ஒரு சைஸ் பெருசாவே குடு. வீட்டுல எல்லாருக்கும் ஆகும்."

"எல்லாருக்கும் ஆக வேண்டாம் அத்தை. உங்களுக்கு மட்டும் ஆனா போதும்."

மாமியார் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு காலைக் கொடுத்தார். இடது கால் வலது காலைவிடக் கொஞ்சம் பெரிது என்று தெரிந்தது. "இத்தனை வருஷம் இது மேலேயே நின்னுக்கிட்டிருக்கேன், எனக்கே தெரியாதே" என்றார். பெரிய காலுக்குத்தான் அளவு எடுக்க வேண்டும், விரல் நுனிக்கும் ஷூ நுனிக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் இடம் வேண்டும், குதிகால் உள்ளே வழுக்கக் கூடாது என்று அந்தப் பெண் சொன்னதையெல்லாம் மாமியார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கறுப்பு வேண்டும் என்றார், யார் கண்ணிலும் படாது என்று. கறுப்பு காலைக் கடித்தது. சாம்பல் நிறம் குதிகாலில் வழுக்கியது. கடைசியில் பொருந்திய ஜோடி பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

"ஐயோ, இதென்ன தீப்பிடிச்ச மாதிரி இருக்கு."

"கவலைப்படாதீங்க, போன் எடுக்க நான் இருக்கேன்."

நடந்து பாருங்கள் என்று கடைக்காரப் பெண் சொன்னதுதான் தாமதம். மாமியார் கடைக்குள் ஒரு நடை நடந்தார், வாசல் வரை நடந்தார், வாசலைத் தாண்டித் தெருவில் நடந்தார். காவலுக்கு நின்றவர் பின்னாலேயே ஓட வேண்டியதாயிற்று. திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் வேறு ஜோடி எடுக்கச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஓடும்போது எது கஷ்டம் என்று மாமியார் கேட்டார். இதுவரை அவர் கேட்டதில்லை.

"அஞ்சாவது சுத்து. மைதானத்துக்கு அந்தப் பக்கக் கோடியில ஒரு தண்ணி டேங்க் இருக்கு, அங்க திரும்பும்போது விட்டுடலாமான்னு தோணும். எல்லாரும் இந்தப் பக்கம் நின்னுதான் கை தட்டுவாங்க. அங்க ஒரு ஈ காக்கா இருக்காது."

"ரொம்ப தூரமா அது?"

"சுத்தி வேலியோரமாப் போகணும். உங்களால முடியாது."

மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றே அவள் பழைய ஷூவின் லேஸைக் கத்தரியால் வெட்டி, ஷூவைக் குப்பையில் போட்டாள். வாசலில் வைத்தால் அந்த வீட்டில் யாராவது மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். புருஷனிடம் ஆபரேஷனுக்குத் தேதி வாங்குவதைத் தள்ளிவைக்கச் சொன்னாள். பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் மாமியாரையும் கூட்டிப்போனாள். அந்த அம்மா மாமியாரின் ரப்பர் செருப்பில் குதிகால் தேய்ந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "ஓ" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. அவளுக்கு அது போதும்.

தேர்வு நாள் வந்தது. ஏணி முடிந்தது. குழாய்ச் சுருள் முடிந்தது, தோள்பட்டை எரிந்தது. கடைசியாக ஓட்டம். ஓடியவர்களில் பாதிப்பேர் அவளைவிட இளையவர்கள், பாக்கிப்பேர் ரொம்பவே இளையவர்கள். கோட்டில் நிற்கும்போது கைதட்டும் கூட்டத்தில் டிரைவர் அண்ணனும் புருஷனும் தெரிந்தார்கள். மாமியாரைக் காணவில்லை. உட்கார நிழல் தேடிப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

விசில் ஊதியது. முதல் ரெண்டு சுற்றில் எல்லோரும் அவளைத் தாண்டினார்கள். தாண்டட்டும் என்று விட்டாள். மூன்றாவதில் ரெண்டு பேரைப் பிடித்தாள். நாலாவதில் மூச்சு முட்டியது. நாலாவதை முடித்துக் கூட்டத்தைக் கடக்கும்போது முன்னெலும்பின் அந்தப் பழைய இடம் லேசாக ஞாபகப்படுத்தியது. வலியா பயமா என்று தெரியவில்லை. பயம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கைதட்டல் பின்னால் போய்ச் சன்னமாகிவிட்டது. இனி யாரும் இல்லாத பக்கம். கால் தானாகவே வேகத்தைக் குறைத்தது. நடந்தால் என்ன, நாலு எட்டு நடந்துவிட்டு மறுபடி ஓடினால் என்ன என்று தோன்றியது. நடந்தால் முடிந்தது என்றும் அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் டேங்க்குக்குக் கீழே அந்த ஆரஞ்சு நிறம் கண்ணில் பட்டது.

மாமியார் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வேர்த்து வழிந்து, முடி கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு. ஓட்டம் தொடங்குவதற்கு வெகு நேரம் முன்பே கிளம்பி வேலியோரமாகவே நடந்திருக்க வேண்டும். முன்னால் ஓடுகிறவர்களையே பார்த்துக்கொண்டு ஓடியதில் இவள் கண்ணில் படவில்லை. இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார். அவள் பக்கத்தில் வந்ததும் அவர் கை தட்டவில்லை, கத்தவில்லை. மொட்டை மாடியில் சொன்ன அதே குரலில் சொன்னார்.

"நிக்காதே. இன்னும் ஒண்ணரை சுத்துதான் இருக்கு."

அவள் நிற்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு வேகம் வந்தது. கண்ணில் வேர்வையா அழுகையா என்று பார்க்க நேரமில்லை. கடைசிச் சுற்றில் டேங்க் பக்கம் திரும்பும்போது அந்த ஆரஞ்சு நிறம் அங்கேயே இருந்தது. அதைத் தாண்டியதும் முன்னால் மூன்று பேர் தெரிந்தார்கள். மூன்று பேரையும் பிடித்தாள். அவள் கோட்டைத் தாண்டி, குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு மூச்சு வாங்கிய பிறகுதான் அதிகாரியின் விசில் ஊதியது.

டிரைவர் அண்ணன் முதுகில் தட்டினார். "இனிமே உன்னைப் போன் அக்கான்னு கூப்பிட முடியாது போலிருக்கே" என்றார். புருஷன் தண்ணீர் கொடுத்துவிட்டு மூக்கை உறிஞ்சினான். அவள் ரெண்டு பேரையும் தாண்டி வேலியோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆரஞ்சு நிறம் மெதுவாக, ஒருபக்கம் சாயாமல், நேராக வந்துகொண்டிருந்தது. எதிரே போய்க் கைத்தாங்கலாகக் கூட்டி வருகிறேன் என்று கிளம்பிய புருஷனை அவள் தடுத்தாள்.

"விடுங்க. அவங்க சுத்தை அவங்களே முடிக்கட்டும்."

மாமியார் வந்து சேர்ந்ததும் பாஸா என்றுகூடக் கேட்கவில்லை. புல்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு கையை நீட்டினார்.

"கழட்டு."

"எதை அத்தை?"

"ஷூவைக் கழட்டுன்னா."

கழற்றிக் கொடுத்தாள். மாமியார் அதைத் திருப்பி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், அடிப்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். உள்விளிம்பில் மட்டும் லேசாகத் தேய ஆரம்பித்திருந்தது. குதிகாலின் பின்புறம் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

"நல்லாப் பாத்துக்கோ" என்று அவள் மடியில் ஷூவை வைத்தார். "இது முழுக்க நீ ஓடினதுதான்."